சாம்பல் நிறத்தை அழிக்கச் சொல்கிறார்கள்

2026 ஜனவரி 25, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். நேரில் போய்ச் சரிபார்த்த இடங்கள் இருபத்து நான்கு. என் வரைபடம் சொன்னபடியே இருந்தவை பதினேழு.

மகளே, உனக்கு இப்போது இரண்டே கால் வயது. பக்கத்து அறையில் உன் அம்மாவின் செருப்பைக் கையில் மாட்டிக்கொண்டு தரையில் தட்டிக்கொண்டிருக்கிறாய். இந்தக் கடிதம் இருபத்தைந்து வயதில் நீ யாராக இருப்பாயோ அவளுக்கு. வழக்கமாக அப்பாக்கள் இப்படிப்பட்ட கடிதத்தை பென்ஷன் வாங்கத் தொடங்கிய பிறகு, பிள்ளையின் கல்யாணத்துக்கு முந்தின வாரம் எழுதுவார்கள். எனக்கு முப்பத்தொரு வயது, பொறுமை கிடையாது. இன்னொரு காரணமும் உண்டு. அறுபது வயதில் எழுதினால், நடந்ததெல்லாம் எனக்கு முன்பே தெரிந்திருந்த மாதிரி எழுதிவிடுவேன். இப்போது எழுதினால் அந்த வசதி இல்லை. நாளை மறுநாள் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. நீ படிக்கும்போது உனக்குத் தெரிந்திருக்கும்.

விஷயம் இதுதான். செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு பெங்களூரில் ஒரு கூட்டம். எங்கள் நிறுவனம் ராணுவத்துக்காகத் தயாரித்த ஒரு வரைபடத்தை அங்கே ஒப்படைக்க வேண்டும். போட்டவன் நான். எந்த மலைப்பகுதியின் வரைபடம் என்று எழுத மாட்டேன். வடக்கே, நம் ஊரிலிருந்து வெகு தூரம், அது போதும். அதில் மூன்று நிறங்கள் இருக்கின்றன. இரண்டு போதும், சாம்பல் நிறத்தை அழித்துவிட்டுக் கொண்டு வா என்கிறார்கள். அழித்தால் எனக்கு வேலை இருக்கும். அழிக்காவிட்டால் அநேகமாக இருக்காது. அழித்தால் வேறு யாரோ ஒருவனுக்கு என்ன ஆகும் என்பதுதான் மிச்சக் கேள்வி. அவனை எனக்குத் தெரியாது. அவன் பெயர் கூட எனக்கு வரப்போவதில்லை.

என் வேலை என்னவென்று உனக்குச் சரியாக யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். 'அப்பா மேப் போடுறாரு' என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருப்பாய். ஒரு குன்றின்மேல் ஒருவன் நிற்கிறான் என்று வைத்துக்கொள். அங்கிருந்து சுற்றிலும் எந்தெந்த இடம் அவன் கண்ணுக்குத் தெரியும், எது தெரியாது? அதைக் கணக்குப் போட்டு வரைவதுதான் என் வேலை. நிலத்தை முப்பது மீட்டர் அகலச் சதுரங்களாக வெட்டி, ஒவ்வொரு சதுரத்துக்கும் ஓர் உயரத்தைச் செயற்கைக்கோள் தகவல் கொடுத்துவிடுகிறது. நிற்பவனின் கண்ணிலிருந்து ஒவ்வொரு சதுரத்துக்கும் கணினி ஒரு நேர்க்கோடு இழுக்கும். நடுவில் ஏதாவது மேடு அந்தக் கோட்டை மறித்தால் அந்தச் சதுரம் கறுப்பு. அங்கே இருப்பவனை இவன் பார்க்க முடியாது. மறிக்காவிட்டால் மஞ்சள், பார்க்கலாம். காவலுக்கு ஆளை எங்கே நிறுத்துவது என்று மஞ்சளைப் பார்த்து முடிவு செய்வார்கள். எதிராளியின் கண்ணில் படாமல் எந்த வழியாக நடப்பது, எங்கே உட்கார்ந்து ரொட்டி தின்பது என்று கறுப்பைப் பார்த்து முடிவு செய்வார்கள். முதலாவதில் தப்பு வந்தால் காவல் வீண். இரண்டாவதில் தப்பு வந்தால் ஆள் போய்விடுவான்.

சாம்பல் எங்கிருந்து வருகிறது என்றால், அந்த உயரத் தகவலிலேயே சில மீட்டர் பிழை எப்போதும் உண்டு. பார்வைக் கோடு மேட்டுக்கு மிக உயரே போனால் அந்தப் பிழை ஒன்றும் செய்யாது. மேட்டை உரசிக்கொண்டு போனால் இரண்டு மீட்டர் முழுப் பதிலையும் மாற்றிவிடும். ஆகவே நான் உயரங்களை வேண்டுமென்றே அங்கங்கே கொஞ்சம் கூட்டி, கொஞ்சம் குறைத்து, அதே கணக்கை நூறு முறை ஓட்டுவேன். நூறிலும் தெரிந்தால் மஞ்சள். நூறிலும் மறைந்தால் கறுப்பு. சில முறை தெரிந்து சில முறை மறைந்தால் சாம்பல். இந்தத் தகவலை வைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியாது என்று அர்த்தம். இதற்கு மேல் இதில் கணக்கு இல்லை, பயப்படாதே.

வடக்கே போய் நேரில் சரிபார்க்க எங்களைப் போன்றவர்களுக்கு அனுமதி கிடையாது. அதனால் அதே முறையில் பள்ளிகொண்டாவுக்கும் ஆம்பூருக்கும் நடுவில் நம் பக்கத்து நிலத்துக்கு ஒரு வரைபடம் போட்டேன். இரண்டு பக்கமும் மலை, நடுவில் பாலாறு, நெடுஞ்சாலை, தோப்புகள், ஷூ கம்பெனிகளின் தகரக் கொட்டகைகள். சோதனைக்கு இதைவிட வசதியான இடம் கிடைக்காது, சம்பளமில்லாத ஆட்களும் வீட்டிலேயே இருந்தார்கள். பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை அன்று உன் தாய்மாமா சதீஷ் லீவில் வந்திருந்தான். ராணுவத்தில் நாயக், சிப்பாய்க்கு மேல், ஹவில்தாருக்குக் கீழ். ஆற்றுக்குத் தெற்கே ஒரு குன்றின்மேல் அவனும் நானும். கீழே உன் அம்மா ஸ்கூட்டரில், அவளுக்கு முன்னால் நின்றுகொண்டு நீ. நான் குறித்த இருபத்து நான்கு இடங்களும் அவள் போனில் இருந்தன. ஒவ்வோர் இடத்திலும் வண்டியை நிறுத்தி, முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலை எங்கள் பக்கம் திருப்ப வேண்டும். மின்னினால் தெரிகிறது, மின்னாவிட்டால் தெரியவில்லை. பனி ஒன்பதரை மணிக்குத்தான் விலகியது. முதல் எட்டு இடங்கள் வரைபடம் சொன்னபடியே இருந்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒன்பதாவது இடம் சுத்த மஞ்சள். பத்து நிமிடமாகியும் ஒன்றும் மின்னவில்லை, சதீஷின் பைனாகுலரிலும் ஆள் தெரியவில்லை. போன் போட்டேன்.

"இன்னா பண்ற? கண்ணாடிய காட்டு."

"காட்டினுதான் இருக்கேன். தெரியலையா?"

"தெரியல. நீ நிக்கிற எடம் தப்பு."

"போன்ல நீலப் புள்ளி நீங்க வெச்ச எடத்துமேலயேதான் இருக்குது."

"மேப்ல அந்த எடம் மஞ்சள். அங்க நின்னா எனக்குத் தெரிஞ்சே ஆவணும். உன் போன்ல ஏதோ கோளாறு."

"அப்ப மேப்பையே பாத்துனு இருங்க. ஏதோ இந்த எடமாவது நெழலா இருக்குதேன்னு நிக்கிறேன்."

"நெழலா? ஏது நெழலு?"

"தென்னந்தோப்புங்க. மேல பாத்தா வானமே தெரியல."

சதீஷ் பைனாகுலரை இறக்கிவிட்டுச் சிரித்தான். "மாமா, உங்க கம்ப்யூட்டரு அக்காவத் தென்னமரத்து உச்சில ஏத்தி உட்டுட்டுது. எறங்கச் சொல்லுங்க, பாப்பா வேற இருக்குது."

நடந்தது அதேதான். செயற்கைக்கோள் மேலிருந்து அளக்கிறது. அடர்ந்த தோப்பு என்றால் மரத்தின் உச்சியையே தரை என்று எடுத்துக்கொள்ளும். என் கணினிக்கு அந்தத் தோப்பு ஒரு மேடு. அந்த மேட்டின்மேல் உன் அம்மாவை நிறுத்திவிட்டு, சுற்றிலும் எல்லாம் தெரிகிறது, எல்லாருக்கும் இவள் தெரிகிறாள் என்று சொல்லிவிட்டது. இது நான் அறியாத விஷயமில்லை. பரீட்சையில் இதைப் பற்றிப் பத்து மார்க்குக்கு எழுதியிருக்கிறேன். அப்படியிருந்தும் உன் அம்மா தப்பு என்று எனக்கு முதலில் தோன்றியது. அவள் போன் தப்பு என்று இரண்டாவதாகத் தோன்றியது. வரைபடம் தப்பாக இருக்கலாம் என்பது மூன்றாவதாகத்தான் வந்தது, அதுவும் சதீஷ் சிரித்த பிறகு. இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள். படித்தவர்கள் நிறையப் பேருக்கு இந்த வரிசைதான் வரும், உனக்கும் வரும்.

பத்தொன்பதாவது இடம் வேறு மாதிரி. கறுப்பு. நூறு முறை ஓட்டியதில் நூறு முறையும் மறைவு. உன் அம்மாவுக்கு அதற்குள் வெயில் ஏறிவிட்டது. "தெரியாதுன்னு தெரிஞ்ச எடத்துக்கு ஏங்க போவணும்? பெட்ரோலுக்குப் புடிச்ச கேடு" என்றாள். "சும்மா ஒரு டிக் போடத்தான், போ" என்றேன். நான் குன்றின்மேல் தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டிருந்தேன். கண்ணில் ஒளி அடித்தது. திரும்ப அடித்தது. விட்டுவிட்டு, தாறுமாறாக அடித்துக்கொண்டே இருந்தது. போனை எடுத்து யார் காட்டுவது என்று கேட்டேன்.

"பாப்பாதான். புடுங்கினா அழுவுறா. அங்கேர்ந்து தெரியாதுன்னுதான் சொன்னீங்களே, வெளாடட்டும்னு குடுத்துட்டேன்."

சதீஷ் பைனாகுலரில் பார்த்தான். "பாப்பா தெரியுது மாமா. சேப்பு கவுனு. ஒரு கல்லு மேல உக்காந்துனு இருக்குது." கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு, "ஆயிரத்து எட்நூறு மீட்டர். கம்மியாக்கூட இருக்கும்" என்றான்.

அதை அவன் யாருக்கும் சொல்லவில்லை. குறி வைக்கும் தூரத்தைக் கணக்குப் போடும் பழக்கத்தில் வாய் சொன்னது. சொன்னதும் அவனுக்கே கேட்டிருக்க வேண்டும். பைனாகுலரை என்னிடம் நீட்டாமல் உறையில் போட்டு மூடினான். மிச்சம் ஐந்து இடங்களை வெறுங்கண்ணாலேயே பார்த்தோம்.

என்ன ஆனது என்று கீழே இறங்கிப் போய்ப் பார்த்தேன். குன்றுக்கும் நீ உட்கார்ந்திருந்த இடத்துக்கும் நடுவில் முன்பு ஒரு பெரிய தோப்பு இருந்திருக்கிறது. அதை வெட்டி, சமப்படுத்தி, மனை போட்டிருக்கிறார்கள். நீ உட்கார்ந்த கல் மனைக்கல். என்னிடம் இருந்த உயரத் தகவல் தோப்பு இருந்த காலத்தில் எடுத்தது. இல்லாத மேட்டை வைத்து உன்னை மறைத்துவிட்டு, கணினி நிம்மதியாக இருந்தது. நான் நூறு முறை கேட்டேனே, அதனால் ஒரு பயனும் இல்லை. நூறு பேரைக் கேட்டு, நூறு பேரும் ஒரே பழைய போட்டோவைப் பார்த்துப் பதில் சொன்ன மாதிரி. இரண்டு மூன்று மீட்டர் கூடக்குறைய இருக்கலாம் என்று சந்தேகப்படக் கணினிக்குச் சொல்லியிருந்தேன். தோப்பே காணாமல் போயிருக்கலாம் என்று சந்தேகப்படச் சொல்லவில்லை. எனக்குத் தோன்றாத சந்தேகம் கணக்கில் வராது.

மொத்தத்தில் ஏழு தப்பு. ஐந்தில் தெரியும் என்றது, தெரியவில்லை. இரண்டில் தெரியாது என்றது, தெரிந்தது. பதினேழு சரி என்று தலைப்பில் போட்டு அறிக்கை எழுதினால் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். எனக்கு அந்த இரண்டு போதும்.

உனக்கு அறிவுரை சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்கக் கூடாது என்பதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். எவராவது ஒரு விஷயத்தை அடித்துச் சொன்னால், 'இது எந்த வருஷத்துத் தகவல்?' என்று கேள். டாக்டரிடம் கேள், வங்கியில் கேள். உனக்குக் கல்யாணப் பேச்சு எடுக்கும்போது, பையன் தங்கமான பையன் என்று சொல்லும் பெரியவரிடம், 'நீங்க கடைசியா அவனை எப்போ பார்த்தீங்க?' என்று கேள். மரியாதை இல்லாத பெண் என்பார்கள். நம் குடும்பத்துக்கு அது புதிதில்லை.

அன்று மதியம் வீட்டுக்கு வந்து பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். நான் சாப்பிடாமல் லேப்டாப்பில் வடக்கு வரைபடத்தைத் திறந்தேன். மரம் இருக்கக்கூடிய இடம், தகவல் பழசாக இருக்கக்கூடிய இடம் எல்லாவற்றையும் சாம்பலில் சேர்த்து ஓட்டினேன். பாதி வரைபடம் சாம்பலாகிவிட்டது. பெருமையாக சதீஷிடம் திருப்பிக் காட்டினேன். அவன் பாராட்டுவான் என்று எதிர்பார்த்தேன்.

"இன்னா மாமா இது, மேகம் மூடின மாதிரி இருக்குது."

"உண்ம அதுதான் மச்சான்."

"இருக்கட்டும். இத்த எடுத்துனு போயி எங்க ஹவில்தாரு கையில குடுத்தா அவரு இன்னா பண்ணுவாரு? பின்னாடி முப்பது பேரு மூட்டைய தூக்கினு நிப்பாங்க. போவலாமா, வேணாமா? எதுனா ஒண்ணு சொல்லணும் இல்ல?"

"அதுக்காகத் தெரியாதத தெரியும்னு போடச் சொல்றியா?"

"நான் எங்க அப்படிச் சொன்னேன்? தெரியாதுன்னு பெயின்ட் அடிச்சிட்டா உங்க வேல முடிஞ்சிது. எங்க வேல அங்கேர்ந்துதான் ஆரம்பிக்குது. பாதி மேப்பு சாம்பல்னா மேப்பே வேணாம் மாமா. மூட்டையில வெயிட்டாவது கம்மியாவும்."

உன் அம்மா எலும்பை ஒதுக்கி வைத்துவிட்டு உனக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தாள். அவள் ஷூ கம்பெனியில் தரப் பரிசோதனை செக்ஷனில் இருக்கிறாள் என்பது உனக்குத் தெரியும். "எங்க லைன்லயும் இதே பேஜாருதான்" என்றாள். "பாஸு ஒரு பக்கம், ரிஜெக்ட்டு ஒரு பக்கம், நடுவுல ஹோல்டு ராக்கு. சந்தேகம்னா அதுல வெக்கணும். ஏன் வெச்சோம்னு சீட்டு ஒட்டணும், தையலா, தோலுல கீறலான்னு. சூப்பர்வைசரு வந்து ஒண்ணொண்ணா எடுத்துப் பாக்கணும்."

"நல்ல முறைதானே?"

"நல்ல முறைதான். கன்டெய்னர் கெளம்புற அன்னிக்கு மட்டும் யாரும் பாக்க மாட்டாங்க. சீட்டையெல்லாம் கிழிச்சிப் போட்டுட்டு மொத்தமா பாஸ் பண்ணிடுவாங்க. உங்க சாம்பலும் அப்படித்தான் ஆவப்போவுது, பாத்துனே இருங்க."

"நீ வாய வெக்காதக்கா" என்றான் சதீஷ்.

இரண்டு பேர் மேலும் எனக்குக் கோபம்தான். ஆனாலும் அந்த வாரம் முழுக்க சதீஷ் சொன்னதைத்தான் செய்தேன். எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு ஒதுங்குவது நேர்மை மாதிரித் தெரியும். அது பாரத்தை இறக்கி இன்னொருவன் தலையில் வைப்பது, அவ்வளவுதான். இதில் எனக்கு முன் அனுபவம் இருந்திருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை. நீ ஒன்றரை மாதம் முன்னதாகப் பிறந்தாய். வேலூர் ஆஸ்பத்திரியில் உன்னைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். பிழைப்பாயா என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். "இப்போ சொல்ல முடியாது" என்றார். எனக்கு வந்ததே ஆத்திரம். "ஆமாவா இல்லையா, ஏதாவது ஒண்ணு சொல்லுங்க, நானும் படிச்சவன்தான்" என்று வராந்தாவில் நின்று கத்தினேன். அவர் குரலை உயர்த்தவில்லை. "மூச்சு இப்போதைக்கு மெஷின் உதவியில போகுது. நாளைக்குக் காலையில உதவியைக் கொஞ்சம் குறைப்போம். குழந்தை தாங்கினா ஒரு பதில், தாங்கலைன்னா வேற பதில். ஒன்பது மணிக்கு இதே இடத்துல நில்லுங்க" என்றார். எதனால் தெரியவில்லை, எப்படித் தெரியும், எப்போது தெரியும். மூன்றையும் சொல்லிவிட்டார். நான் ஒன்பது மணிக்கு அங்கே நின்றேன். மிச்சம் உனக்குத் தெரியும்.

அதனால் சாம்பலைப் பிரித்தேன். உரசிப் போகும் கோட்டால் வந்த சந்தேகம் ஒரு வகை. அங்கே நிற்காமல் படுத்திருந்தால் பெரும்பாலும் மறைவுதான் என்று எழுதினேன். மரத்தால் வந்த சந்தேகம் இன்னொரு வகை. பழைய தகவலால் வந்தது மூன்றாவது வகை. புதிய படங்களை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்ததில் இதில் பெரும்பகுதி தீர்ந்தது. ஐந்து நாள் வேலையில் பாதியாக இருந்த சாம்பல் ஆறில் ஒரு பங்காகச் சுருங்கியது. மீதமுள்ள ஒவ்வொரு திட்டுக்கும், ஓர் ஆள் எந்தப் பக்கமாக எவ்வளவு தூரம் முன்னால் போய்ப் பார்த்தால் சந்தேகம் தீரும் என்று ஒரு வரி. சதீஷிடம் காட்டினேன். "இத்த குடுத்தா நான் ஒரு ஆள அனுப்பிப் பாத்துட்டு வரச் சொல்லுவேன்" என்றான். பாராட்டு அவ்வளவுதான். எனக்கு அது போதுமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை பிரபாகர் கூப்பிட்டார். எங்கள் குழுத் தலைவர், சேலத்துக்காரர். என்னை வேலைக்கு எடுத்தவரும் அவர்தான்.

"ப்ரோ, வேலை சூப்பர். ஆனா கிரே வேணாம்."

"ஏன்?"

"டெண்டர் படிவத்துல ரெண்டே கட்டம்தான். தெரியும், தெரியாது. மூணாவது கட்டமே கிடையாது. போன தடவை இன்னொரு கம்பெனி கிரே வெச்சுக் குடுத்து, 'வேலை முடியல'ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க."

"அப்ப சாம்பல் எடத்தையெல்லாம் எதுல சேக்கறது?"

"நூத்துல அம்பது தடவைக்கு மேல தெரிஞ்சா மஞ்சள். கீழ போனா கறுப்பு. சிம்பிள்."

"நாப்பத்தொம்போது தடவ தெரிஞ்ச எடத்துல ஒருத்தன் மறைவுன்னு நெனச்சி உக்காந்தா?"

"நீ ரொம்ப யோசிக்கிற."

"நீங்க யோசிக்கவே மாட்டேன்றீங்க."

இப்படிப் பேசித்தான் முந்தைய வேலையை விட்டேன் என்று உன் அம்மா உனக்குச் சொல்லியிருப்பாள், அது உண்மைதான். பிறகு பிரபாகர் பொறுமையாகவே சொன்னார். "சரி. உனக்கு மனசு இல்லைன்னா உன் பேரை எடுத்துடறேன். தயாரித்தவர்னு என் பேரைப் போட்டுக்கறேன். நீ கூட்டத்துக்கு வந்து சும்மா உக்காரு. இதைவிட நான் என்னப்பா செய்ய முடியும்?"

அவர் கெட்டவர் இல்லை. எனக்காக இறங்கித்தான் வந்தார். வெள்ளிக்கிழமை இரவு எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். என் பெயர் இல்லை, என் கை சுத்தம், வேலையும் பத்திரம். சனிக்கிழமை காலை சதீஷ் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தான். என் பெயர் அந்தத் தாளில் இருக்காது என்று அவனிடம் கொஞ்சம் மிதப்பாகவே சொன்னேன். அவன் பூட்ஸுக்குள் சாக்ஸைத் திணித்துக்கொண்டே, "மேப்புல கீழ பேரெல்லாம் போட்டிருப்பாங்களா மாமா? நாங்க அத்தெல்லாம் பாக்கறதே இல்ல" என்றான்.

"பாக்காம எப்படி நம்புவீங்க?"

"குடுப்பாங்க, வாங்கிக்குவோம். கறுப்பு எங்க இருக்குதோ அங்க போயி குந்துவோம்." பெட்டியை மூடி அதன்மேல் உட்கார்ந்து ஜிப்பை இழுத்தான். ஜிப் மாட்டிக்கொண்டது. நான் போய்ப் பெட்டியை அழுத்திப் பிடித்தேன்.

கோபமாகச் சொல்லவில்லை. என்னைக் குத்திக் காட்டவும் சொல்லவில்லை. அவனுக்கு அது சாதாரணத் தகவல். என் பெயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தத் தாள் போகும் இடத்துக்குப் போய்ச் சேரும். ஐம்பதுக்குக் கீழே என்று கறுப்பாக்கிய இடத்தில் யாரோ மூட்டையை இறக்கி வைப்பான். என் கை சுத்தம் என்பதை அங்கே எந்த மேடாகவும் வைத்து அவனை மறைக்க முடியாது. நேற்று முழுக்க இதை எப்படியாவது தாண்டிப் போகப் பார்த்தேன். ராஜினாமாக் கடிதம் எழுதினேன், நன்றாகவும் வந்திருந்தது. அழித்துவிட்டேன். ராஜினாமா செய்தால் கூட்டத்துக்குள் போக முடியாது. பெயரை எடுத்துவிட்டால் போகலாம், பேச முடியாது. அந்த அறையில் தயாரித்தவன் மட்டும்தான் எழுந்து விளக்கம் சொல்லுவான். அதுதான் வழக்கம்.

நீ இதைப் படிக்கும்போது உன் அப்பா அன்று என்ன செய்தார் என்று வேறு வேறு விதமாகக் கேட்டிருப்பாய். வீட்டில் கதை சொல்லச் சொல்ல நான் தைரியசாலி ஆகிக்கொண்டே போவேன், எல்லா அப்பாக்களும் அப்படித்தான். ஆகவே நடப்பதற்கு முன்பே எழுதி வைக்கிறேன். கீழே இருப்பதில் ஏதாவது ஒன்றைச் செய்யாமல் விட்டிருந்தால் உனக்கு என்னைக் கேட்க உரிமை உண்டு.

1. இன்று மாலைக்குள் சாம்பல் திட்டுகளின் விவரத்தை ஒரே பக்கத்துக்குச் சுருக்குவேன். எதனால் தெரியவில்லை, யாரை எங்கே அனுப்பினால் தெரியும்; இதற்கு மேல் ஒரு சொல் கூடாது.

2. நாளை குடியரசு தினம், விடுமுறை. உன் மாமாவைக் காட்பாடியில் ரயில் ஏற்றிவிட்டு வருவேன். இந்த விஷயத்தை அவனிடம் பேச மாட்டேன். அவனுக்கு வேறு வேலை இருக்கிறது.

3. செவ்வாய் காலை கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் போய், தயாரித்தவர் என்ற இடத்தில் என் பெயரையே திரும்பப் போடச் சொல்லி பிரபாகரிடம் கேட்பேன். தாள் இரண்டு நிறமாக இருந்தாலும் கேட்பேன். நான் கூட்டத்தில் என்ன பேசப்போகிறேன் என்பதையும் அப்போதே அவரிடம் சொல்லிவிடுவேன். அவருக்குத் தெரியாமல் செய்ய மாட்டேன்.

4. அவர் மறுத்தால் மரியாதையாக இன்னொரு முறை கேட்பேன். ஒரே ஒரு முறை. குரலை உயர்த்த மாட்டேன். எனக்கு இதுதான் கஷ்டமான வேலை.

5. என் பெயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்த ஒரு பக்கத்தை வரும் அதிகாரியின் கையில் காகிதமாகக் கொடுப்பேன்.

6. வேலை போனால் அன்றே உன் அம்மாவிடம் சொல்வேன். ரயிலில் வரும்போதே போனில் சொல்லிவிடுவேன், வீட்டு வாசலில் வைத்துச் சொல்ல மாட்டேன்.

7. அதிகாரி ஒரு திட்டின்மேல் விரலை வைத்து, 'இங்கே என் ஆட்களை உட்கார வைக்கலாமா?' என்று கேட்பார். கேட்டே தீருவார், அவருடைய வேலை அது. 'எனக்குத் தெரியாது சார், முதல்ல ஒருத்தர் போய்ப் பார்த்துட்டு வரணும்' என்று சொல்வேன். அதன் பிறகு அந்த அறையில் எவ்வளவு நேரம் யாரும் பேசாமல் இருந்தாலும், நானாக வாயைத் திறந்து அதைத் திருத்த மாட்டேன்.